அழுகும் மாம்பழமும் மியூனிக் வழக்கும்

உத்திரமேரூர் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது குடவோலைக் கல்வெட்டுதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ல் வெட்டியது. தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று அதில் இருக்கிறது. கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக்கூடாது என்பது வரை எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தோட்டத்துப் பழத்தை அழுகாமல் எப்படி வைத்தார்கள் என்பதைக் கல்லில் ஏற்றவில்லை. அது வீட்டு விஷயம், யார் எழுதப் போகிறார்கள்! அப்படி எழுதாமல் விட்டதால் நம் காலத்தில் ஒரு பெரிய வழக்கே நடந்தது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். மாம்பழத்தில் வரும் கரும்புள்ளி (ஆந்த்ராக்னோஸ்) கூடையில் வைத்த பிறகு வருவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பூஞ்சை மரத்திலேயே, பனியிலும் மழையிலும், பூவிலும் பிஞ்சிலும் ஒட்டிக்கொள்கிறது. காயின் தோலில் இருக்கும் எதிர்ப்புப் பொருட்கள் அதை அடக்கி வைக்கின்றன. பழுக்கும்போது அவை குறைகின்றன, பூஞ்சை விழித்துக்கொள்கிறது. அதனால் பழம் அழுகாமல் இருக்க வேண்டுமென்றால் மரத்தில் என்ன தெளிக்கிறோம் என்பதும் முக்கியம்.

1960களின் கடைசியில் பெனோமில் வந்தது. அதன் தம்பி கார்பென்டசிம் (நம் கடைகளில் பவிஸ்டின்). விலை குறைவு, வேலை சுலபம். 52 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் முக்கி எடுக்கும் பழைய முறையெல்லாம் பின்னால் போய்விட்டது. ஆனால் 1970களிலேயே இந்த மருந்துக்குச் சாகாத பூஞ்சைகள் வந்துவிட்டன. பெனோமில் தயாரிப்பை டூபாண்ட் 2001-ல் நிறுத்தியது. ஐரோப்பாவில் கார்பென்டசிம் அனுமதி 2014-ல் முடிந்தது.

சரி, வழக்குக்கு வருவோம். ரசாயனத்துக்கு மாற்று தேடியவர்கள் கண்ணில் வேம்பு பட்டது. அமெரிக்க விவசாயத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும் சேர்ந்து, வேப்ப எண்ணெயால் தாவரங்களில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். பூஞ்சைக்கு வேம்பு என்பது புதுக் கண்டுபிடிப்பாம்! வந்தனா சிவா, பெல்ஜியத்தின் மக்தா ஆல்வூட், இயற்கை விவசாயிகளின் உலகக் கூட்டமைப்பு ஆகியோர் 1995-ல் எதிர்த்தார்கள்.

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. "எங்கள் ஊரில் காலம் காலமாகச் செய்கிறோம்" என்று சொன்னால் மட்டும் போதவில்லை. யார், எங்கே, எப்போது என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னவர் அபய் பட்கே என்ற இந்தியத் தொழிற்சாலைக்காரர். 1985, 86-லேயே மகாராஷ்டிரத்தில் வேப்பச் சாற்றை வயலில் சோதித்ததை மியூனிக் போய்ச் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியம் பெரிய பலமாக இருந்தது. 2000 மே 10 அன்று காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8-ல் தள்ளுபடியானது. பத்து வருடப் போராட்டம்! அமெரிக்கச் சட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். வெளிநாட்டில் மக்கள் செய்துவந்த ஒன்று அச்சில் வராவிட்டால், 2013 வரை அது கணக்கிலேயே வராது.

வழக்கில் ஜெயித்ததால் வேப்ப எண்ணெய் பவிஸ்டினைத் தள்ளிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழத்தில் தடவினால் அந்த வாடையை யார் பொறுத்துக்கொள்வது? வேறு வழிகளும் பிறந்தன. வாழைப்பழத்தை அழுகவைக்கும் பூஞ்சைகளை இலவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய்கள் தடுப்பதை இலங்கையின் களனிப் பல்கலைக்கழகத்தினர் 2002-ல் வெளியிட்டார்கள். மாமரத்தில் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவைத் தெளித்தால் பறித்த பழத்தில் கரும்புள்ளி குறைகிறது என்று நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் 2004-ல் காட்டினார்கள். இரண்டும் தேதியோடு அச்சில் இருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் நெல்தான் அதிகம், மாமரம் வீட்டுக்கு ஒன்றிரண்டுதான். தெருவில் மூன்று பாட்டிகளிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒருவர் வைக்கோலுக்கு அடியில் வேப்பிலை போடுவாராம். இன்னொருவர் "ஐயே, கசந்துடும்" என்று வெறும் வைக்கோல்தான் போடுவார். மூன்றாமவர் இரண்டையும் விட்டுவிட்டு, "காம்போட பறிக்கணும், பால் தோலில் படக்கூடாது" என்றார். காம்படி அழுகலுக்குத் தோட்டக்கலைப் புத்தகங்களும் காம்பு விட்டுத்தான் பறிக்கச் சொல்கின்றன.