குழந்தைகள் பேசாத மொழி: சூப்பர் ஹீரோ காமிக்ஸும் அச்சின் எதிர்காலமும்

சென்ற மாதம் அக்காவின் மகனுக்கு ஒரு பேட்மேன் தொகுப்பு வாங்கிக் கொடுத்தேன். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், விலை எழுநூறு ரூபாய்க்கு மேல். ஒன்பது வயதுச் சிறுவன் நான்கு பக்கம் புரட்டிவிட்டு, “சித்தி, இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?” என்று கேட்டான். இருபது ஆண்டுகளாகக் காமிக்ஸ் வாசிக்கும் என்னிடம் அதற்குச் சுருக்கமான விடை இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

ஒரு மொழியின் உயிர்ப்பை மதிப்பிட யுனெஸ்கோவின் வல்லுநர் குழு 2003இல் ஒன்பது காரணிகளை வகுத்தது. அவற்றுள் முதலாவது, அம்மொழி ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்கிறதா என்பது. பேசுவோர் தொகை அதற்குப் பின்னரே வைத்து எண்ணப்படுகிறது. இலட்சம் பேர் பேசினாலும் அவர்கள் அனைவரும் ஐம்பதைக் கடந்தவர்களாயின் அம்மொழி ஆபத்தில் இருக்கிறது. அச்சுக் காமிக்ஸின் எதிர்காலம் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் தாளா திரையா என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. வரலாற்றை நோக்கினால், கையில் சில்லறையோடு நிற்கும் ஒரு சிறுவர் தற்செயலாக ஒரு காமிக்ஸைக் காண வழியிருக்கிறதா என்பதே முதன்மையான கேள்வியாகத் தோன்றுகிறது.

சூப்பர்மேன் அறிமுகமான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938இல் வெளிவந்தது. பத்துச் சென்ட் விலைக்கு அறுபத்து நான்கு பக்கங்கள். மருந்துக்கடையிலும் பத்திரிகைக் கடையிலும் மிட்டாய்க்கு அருகே அது தொங்கியது. விற்காத இதழ்களைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம். எழுபதுகளில் இந்த முறை தளர்ந்தது. மலிவான காமிக்ஸ் கடைக்காரருக்குப் போதிய இலாபம் தரவில்லை. 1973 அளவில் ஃபில் சூலிங் என்பவர் மாற்றுவழி ஒன்றைத் தொடங்கினார். காமிக்ஸுக்கென்றே அமைந்த கடைகள் கூடுதல் கழிவில் இதழ்களை வாங்கும். விற்காதவற்றைத் திருப்பித் தர முடியாது. காமிக்ஸ் பிழைத்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம் என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் அதற்கு ஒரு விலை இருந்தது. காமிக்ஸ் கடைக்குள் நுழைபவர் முன்னரே காமிக்ஸ் வாசகராக இருப்பவர். அவருக்காக எழுதப்படும் கதை, அவர் நினைவில் வைத்திருக்கும் முந்தைய நூறு கதைகளை நம்பி நகரலாயிற்று. 1991இல் ‘எக்ஸ்-மென்’ புதிய வரிசையின் முதல் இதழ் ஐந்து வெவ்வேறு அட்டைகளுடன் வெளியாகி எண்பது இலட்சம் படிகளைத் தாண்டியது. ஒருவரே பல படிகள் வாங்கிச் சேமித்த காலம் அது. படிகளின் எண்ணிக்கை வாசகர்களின் எண்ணிக்கையாக இருக்கவில்லை. ஐந்தே ஆண்டுகளில், 1996 டிசம்பரில், மார்வெல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது.

இந்தியாவில் இந்தக் கதை வேறு பாதையில் நடந்தது. 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் வேதாளனைப் பல இந்திய மொழிகளுக்குக் கொண்டுசென்று 1990இல் நின்றது. 1986இல் தில்லியில் தோன்றிய ராஜ் காமிக்ஸ், நாகராஜ், சூப்பர் கமாண்டோ துருவா போன்ற நாயகர்களை இந்தியிலேயே படைத்தது. இவற்றைப் பரப்பியதில் விற்பனைக் கடைகளுக்கு இணையான பங்கு வாடகைக் கடைகளுக்கு உண்டு. அப்பாவின் பணிமாற்றத்தால் ஜபல்பூரில் வளர்ந்த எனக்கு இந்தி எழுத்து பழகியது அத்தகைய கடையொன்றில்தான். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய். அக்கா உரக்க வாசிப்பாள். நான் படத்தைப் பார்த்து எழுத்தை ஊகிப்பேன். எந்த இதழும் வரிசைப்படி கிடைக்காது. இருந்தும் எங்கிருந்து தொடங்கினாலும் கதை புரிந்தது. நான் நான்காம் வகுப்பு முடிக்கும் முன் அந்தக் கடை கைப்பேசி ரீசார்ஜ் கடையாகிவிட்டது.

தொலைக்காட்சி காமிக்ஸைக் கொன்றது என்பது வழக்கமான விளக்கம். அது முழு உண்மையன்று. ராஜ் காமிக்ஸ் செழித்த தொண்ணூறுகளில்தான் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் இந்திய வீடுகளுக்குள் நுழைந்தது. அச்சையே சிறுவர்கள் கைவிட்டனர் என்பதும் பொருந்தாது. 2016இல் தொடங்கிய டேவ் பில்கியின் ‘டாக் மேன்’ வரிசை கோடிக்கணக்கில் விற்றிருக்கிறது. அது பள்ளிப் புத்தகக் கண்காட்சியிலும் நூலகத்திலும் சிறுவர் கண்ணில் படுகிறது. முதல் பக்கத்திலேயே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது.

இன்றைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தரம் தாழ்ந்துவிட்டதாக நான் கருதவில்லை. 2024இல் மார்வெல் தொடங்கிய புதிய ‘அல்டிமேட் ஸ்பைடர்-மேன்’, அதே ஆண்டு டி.சி. வெளியிட்ட ‘அப்சல்யூட் பேட்மேன்’ இரண்டும் பழைய சுமையை இறக்கிவைத்துப் புதிதாகத் தொடங்கும் நல்ல படைப்புகள். பதிப்பாளர்களும் நோயை அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு அவை சான்று. ஆனால் அவையும் அதே சிறப்புக் கடைகளில், அதே பல்வகை அட்டைகளுடன், இருபது பக்கச் சொச்சத்துக்கு நான்கு, ஐந்து டாலர் விலையில் முதலில் விற்கின்றன. கதை புதிய வாசகரை அழைக்கிறது. கடை பழைய வாசகரை மட்டுமே உள்ளே விடுகிறது. அக்கடைகளின் விநியோகத்தை நெடுங்காலம் ஏறத்தாழத் தனியுரிமையாக வைத்திருந்த டயமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது.

சிவகாசியிலிருந்து 1972 முதல் வரும் முத்து காமிக்ஸும், 1984இல் பிறந்த லயன் காமிக்ஸும் சந்தாதாரர்களின் அன்பாலும் புத்தகக் காட்சிகளாலும் இன்றும் நிலைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் சென்னைப் புத்தகக் காட்சியில் அந்த அரங்கின் முன் நின்றபோது, என்னைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் என்னைவிடப் பதினைந்து, இருபது வயது மூத்தவர்களாக இருந்தார்கள்.

அச்சுக் காமிக்ஸ் மறையாது என்றே எண்ணுகிறேன். பாடம் ஒப்பிட்டுப் பதிப்பித்த செவ்வியல் நூல்களைப் போல, கெட்டி அட்டைத் தொகுப்புகளாக எங்கள் அலமாரிகளில் அது நெடுங்காலம் வாழும். சிறந்த பதிப்புகள் உள்ள மொழிகள் பலவற்றுக்கு இன்று தாய்மொழியாளர் இல்லை என்பதை மொழியியல் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய தாளில், தனித்து முடியும் கதையாக, ஒரு தேநீரின் விலைக்கு, பள்ளி நூலகத்திலும் இரயில் நிலையத்திலும் அது மீண்டும் கிடைக்குமாயின் நிலைமை மாறலாம்.

அக்கா பாதுகாத்து வைத்திருந்த, அட்டை கிழிந்த துருவா இதழ் ஒன்றை அவனுக்கு அனுப்பியிருக்கிறாள். எண்பதாவது கதையோ நூறாவது கதையோ தெரியாது. முன்னால் என்ன நடந்தது என்று அவன் இன்னும் கேட்கவில்லை.