உயர்த்திய ஜீப்பில் ஸ்டீரிங் நேர்செய்தல்

ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்தோ, பட்டையைச் சேஸிஸுடன் இணைக்கும் ஷேக்கிளை நீட்டியோ உயரம் ஏற்றிய ஜீப்பிலும் பிக்கப்பிலும், முன்சக்கரங்கள் நேராக ஓடும்போது ஸ்டீரிங் வீல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதுண்டு. அதை நடுவுக்குக் கொண்டுவரும் பட்டறை வேலையே ஸ்டீரிங் நேர்செய்தல். நீலகிரியின் எஸ்டேட் ஜீப்புகளுக்கும் தேயிலைக் கொழுந்து மூட்டை, கேரட், முட்டைக்கோஸ் ஏற்றும் பிக்கப்புகளுக்கும் இது தோற்றத்தைப் பற்றிய வேலை அன்று. கொண்டை ஊசி வளைவில் வண்டி முழுதாகத் திரும்புமா என்பதைப் பற்றியது.

இந்த வேலையின் வேர் குதிரை வண்டிக் காலத்தில் இருக்கிறது. பழைய வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடு ஆணியைச் சுற்றித் திரும்பும். கூர்மையான வளைவில் வண்டி குடைசாயும். மியூனிக் நகர வண்டிக் கலைஞர் கேயோர்க் லாங்கென்ஷ்பெர்கர், அச்சு அசையாமல் நிற்க இரு முனைகளிலும் சக்கரங்கள் மட்டும் தனித்தனியே திரும்பும் அமைப்பைக் கண்டுபிடித்தார். வளைவின் உட்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிட அதிகம் திரும்பவேண்டும் என்ற கணக்கும் அதில் அடங்கியது. லண்டனில் பதிப்பாளராக இருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் அவருடைய முகவராக 1818-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆக்கர்மன் முறை என்ற பெயர் அப்படி வந்தது; உழைப்பு லாங்கென்ஷ்பெர்கருடையது. 1941-இல் போருக்காக உருவான வில்லிஸ் எம்பி ஜீப்பிலும் இதே தத்துவம்தான். ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து நீளும் டிராப் ஆர்ம் என்னும் கை, டிராக் லிங்க் என்னும் கம்பியை அசைக்கும்; அது நடுவிலுள்ள பெல் கிராங்கைத் திருப்பும்; அங்கிருந்து இரண்டு டை ராடுகள் சக்கரங்களுக்குப் பிரியும். மஹிந்திரா நிறுவனம் 1940-களின் பிற்பகுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களுக்கு அது ஏற்ற வண்டியாக இருந்தது.

மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் சக்கரத் தடம் ஆழமாகி நடுவில் மண்மேடு எழும். அதற்காகத்தான் வண்டியைத் தூக்குகிறார்கள். ஆனால் ஒரே தண்டாக அச்சு உள்ள ஜீப்பில் பட்டை சேர்த்தால் சேஸிஸும் பாடியும்தான் உயரும்; மேட்டில் இடிக்கும், அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே. செலவு செய்யும் முன் ஒவ்வொரு தோட்டக்காரரும் அறியவேண்டிய செய்தி இது.

கோணல் வரும் காரணம் எளிய கணக்கு. ஸ்டீரிங் பாக்ஸ் சேஸிஸில் இருக்கிறது, திரும்பும் சக்கரம் அச்சில் இருக்கிறது, இரண்டையும் நீளம் மாறாத டிராக் லிங்க் இணைக்கிறது. சேஸிஸ் உயர்ந்தால் லிங்க் மேலும் சரியும். அதன் கிடைநீளம் குறையும். ஓர் உதாரணம்: 700 மி.மீ. லிங்க், இரு முனைகளுக்கும் முன்பு 100 மி.மீ. உயர வேறுபாடு. வண்டியை 50 மி.மீ. தூக்கினால் கிடைநீளம் 693-இலிருந்து 684 மி.மீ. ஆகிறது. அந்த 9 மி.மீ., 150 மி.மீ. டிராப் ஆர்மில் மூன்றரை டிகிரி. பாக்ஸின் விகிதம் 16-க்கு 1 என்றால் ஸ்டீரிங் வீலில் ஏறத்தாழ 55 டிகிரி. இரண்டே அங்குலத்துக்கு இவ்வளவு.

அவசரப்படும் பட்டறைகளில் ஸ்டீரிங் வீலைக் கழற்றி, தண்டின் பல்லை மாற்றி நேராகப் பூட்டிக் கொடுத்துவிடுவார்கள். இது தவறு. பாக்ஸுக்குள் பற்கள் நடுப்புள்ளியில்தான் இறுக்கமாகப் பொருந்தும்படி செய்யப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து விலகினால் நேர்ச்சாலையிலேயே ஆட்டம் தெரியும். இன்னொன்று அதைவிடக் கெட்டது. ஒரு பக்கம் சக்கரம் முழுதாகத் திரும்பும் முன்பே பாக்ஸ் தன் எல்லையில் முட்டிக்கொள்ளும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஒரு பக்கத்து வளைவிலெல்லாம் வண்டியைப் பின்னுக்கு எடுத்து மறுபடி திருப்பவேண்டியிருந்தால், மேலேறி வரும் வண்டிக்காரர் என்ன செய்வார்?

சரியான வழியில் முதலில் டோ அளவை (முன்சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து நிற்கும் அளவை) டை ராடில் பார்த்து முடிக்கவேண்டும், ஏனென்றால் அதைத் தொட்டால் மற்றதெல்லாம் மாறும். பிறகு டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுற்றி, எத்தனை சுற்று என எண்ணி, அதில் பாதியில் நிறுத்துவார்கள். அதுதான் பாக்ஸின் உண்மையான நடு. அங்கே ஸ்டீரிங் வீல் நேராக நிற்கவில்லை என்றால் யாரோ முன்பே பல் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். அப்போது மட்டும் வீலைக் கழற்றலாம். சக்கரங்களை நேராக வைத்து லிங்கைப் பூட்டி, அதன் சரிசெய் குழலைத் திருகி நீளத்தைப் பொருத்தவேண்டும். குழலுக்குள் இருபுறமும் போதிய மரை இறங்கியிருக்கவேண்டும், கிளாம்ப் இறுகியிருக்கவேண்டும். ஓட்டிப் பார்க்க ஓரச் சரிவில்லாத நேர்ச்சாலை வேண்டும். மலையில் அதைத் தேடித்தான் போகவேண்டும்.

லிங்க் மிகவும் சரிந்துவிட்ட வண்டியில், குழியில் பட்டை அமுங்கும்போதெல்லாம் ஸ்டீரிங் தானாக இழுக்கும். நீளத்தை மாற்றி அதைத் தீர்க்கமுடியாது. தாழ்ந்த டிராப் ஆர்ம் போடவேண்டும். ஷேக்கிள் முன்முனையில் உள்ள ஜீப்பில் ஷேக்கிளை நீட்டினால் அச்சு முன்னோக்கிக் கவிழ்ந்து காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், வளைவு முடிந்தபின் ஸ்டீரிங் தானே திரும்பி வராது. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து அதைச் சரிப்படுத்துவர். காயில் ஸ்பிரிங்கும் தண்டு அச்சும் சேர்ந்த வண்டியில் அச்சைப் பக்கவாட்டில் நிறுத்தும் கம்பியின் நீளத்தையும் பார்க்கவேண்டும். உயரம் ஏறினால் அச்சே ஒரு பக்கம் நகர்ந்துவிடும்.

உயரம் ஏற்றும் முன் சட்டத்தையும் பார்க்கவேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கின்றன. இன்றைய பல வண்டிகளில் ஸ்டீரிங் கோண உணரி இருப்பதால் நேர்செய்யும் வேலை முடிந்ததும் கணினியில் நடுப்புள்ளியைப் பதியவேண்டும்.