வதந்தியும் வோல்தேயரும்

பகுத்தறிவு என்றதும் மதமறுப்பு என்றே நம்மில் பலர் விளங்கிக்கொள்கிறோம். 18ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸில் அது வதந்தியை எதிர்த்து நின்ற கதையொன்றும் உண்டு.

துலூஸ் நகரத் துணி வியாபாரி ழான் கலாஸ் ஒரு புரட்டஸ்தாந்தர். ஊரோ கத்தோலிக்க ஊர். 1761 ஒக்டோபர் 13 இரவு அவருடைய மூத்த மகன் வீட்டில் இறந்து கிடந்தான். "கத்தோலிக்கனாக மாறப் போனானாம், வாப்பாவே கொன்றுட்டாராம்" என்கிற மாதிரி கூட்டத்தில் ஒரு பேச்சு. அவ்வளவுதான். கிறிஸ்தவத் தியாகியைப்போல மகனை அடக்கினார்கள். 1762 மார்ச் 10ஆம் திகதி, 60 வயதைக் கடந்த கலாஸைச் சக்கரத்தில் கட்டி, எலும்புகளை முறித்துக் கொன்றார்கள். சித்திரவதையிலும் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

வோல்தேயர் நம் நபி (ஸல்) அவர்களை இழிவாகக் காட்டி நாடகம் எழுதியவர். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் இந்த வழக்கில் அவர் கேட்டவை நேரான கேள்விகள். வாலிப மகனை ஒரு கிழவர் தனியாகத் தூக்கிலிட முடியுமா? எல்லாரும் சேர்ந்துதான் செய்தார்களென்றால், அன்றிரவு அந்த வீட்டிலிருந்த கத்தோலிக்க வேலைக்காரியும் கூட்டா? 1763இல் சகிப்புத்தன்மை பற்றி நூலே எழுதினார். 1765 மார்ச் 9ஆம் திகதி கலாஸ் நிரபராதியெனத் தீர்ப்பானது, மனுஷன் மௌத்தாகி மூன்று வருடம் கழித்து.

புரட்டஸ்தாந்தரின் நிக்காஹ்வும் பிள்ளைப்பேறும் சட்டத்தில் பதிவாக 1787 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் 9ஆம் உறுப்புரை, குற்றவாளியெனத் தீர்க்கப்படும்வரை எவரையும் நிரபராதியாகவே கொள்ள வேண்டுமென எழுதி வைத்தது.