மைசூர் அரசியரின் ஓவியம்: விலகிய சேலை சொல்வது என்ன?

பட்டும் நகையும் அணிந்த மூன்று பெண்கள். வலப்பக்கம் இருக்கும் இளம்பெண்ணின் இடது கையை மூடியிருக்கவேண்டிய சேலை விலகியிருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த தோமஸ் ஹிக்கி 1805ஆம் ஆண்டளவில் மைசூரில் தீட்டிய தைலவண்ண ஓவியம் இது. நெடுங்காலமாக இவர்களை நாட்டியப் பெண்கள் என்றும் கணிகையர் என்றும் கருதிவந்தார்கள். அப்படிப் பார்த்தவர்களுக்கு விலகிய சேலை ஒரு கேள்வியாகவே படவில்லை.

ஐரோப்பிய உருவப்பட மரபில் உயர்குடிப் பெண்ணின் உடை, நகை, கைகளின் நிலை ஆகியவை பெரும்பாலும் காரணத்தோடுதான் வரையப்படும். 1592ஆம் ஆண்டளவில் தீட்டப்பட்ட ஓர் ஓவியத்தில் முதலாம் எலிசபெத் மகாராணி இங்கிலாந்தின் வரைபடத்தின் மேல் நிற்கிறார். நாடு யாருடையது என்பதை அவரது பாதங்களே சொல்லிவிடுகின்றன.

வரலாற்றாய்வாளர் நைஜல் சான்செலர் 2001இல் வெளியிட்ட கட்டுரையில் ஹிக்கியின் ஓவியத்தையும் இப்படியே வாசித்தார். நகைகளும் தலையணிகளும் உடையார் அரசகுலத்துக்குரியவை என்றார். அவரது கருத்தில், நடுவில் இருப்பவர் அரசரின் பாட்டி லட்சுமி அம்மணி. பெரியம்மைக்குக் கணவரைப் பறிகொடுத்தவர். இருபுறமும் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் மனைவியர். இடப்பக்கத்தவரின் மூக்கையும் வாயையும் சுற்றித் தெரியும் நிறமாற்றம், அம்மைப் பொருக்குத் தூளை மூக்கினுள் ஊதும் பழைய முறையின் அடையாளம். வலப்பக்கத்தில் இருக்கும் தேவாஜம்மணி காட்டுவது, புதிய அம்மைப்பால் குத்திய இடம்.

அம்மைப்பால் 1802இல்தான் பம்பாய்க்கு வந்தது. அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்தது. மாட்டம்மையிலிருந்து பெறப்பட்டு, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றப்பட்ட மருந்து என்பதால் சாதி, தீட்டுக் குறித்த அச்சம் எழுந்தது. அரச குடும்பமே முன்வந்தால் மக்களும் வருவார்கள். 1799இல் திப்பு சுல்தானை வீழ்த்தி உடையார்களை மீண்டும் அரியணையில் அமர்த்திய கிழக்கிந்தியக் கம்பனிக்கு அது தேவைப்பட்டது.

வர்ணத்தின் நிறமாற்றத்தை மட்டும் வைத்து இந்த வாசிப்பை நிறுவ முடியாது. தேவாஜம்மணியைப் பார்த்து மற்றவர்களும் குத்திக்கொள்ள முன்வந்ததாகக் கூறும் 1806 ஜூலை அரசவைப் பதிவே அதற்குப் பலம் சேர்க்கிறது. ஆனால் அப்போது ஏறத்தாழ 12 வயதான அந்தச் சிறுமி என்ன நினைத்தார் என்பது ஓவியத்தில் இல்லை.

2007இல் சொத்பீஸ் நிறுவனம் இந்த ஓவியத்தை ஏலத்துக்கு விட்டது. படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் தொலைந்தபோது அரசியர் கணிகையரானார்கள். ஓர் ஆய்வாளர் ஆவணங்களைத் தேடிப் படித்ததால் அவர்களுக்குப் பெயர்கள் மீண்டன.

இது மைசூருக்கு மட்டுமான கதையல்ல. முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு என்று இடம்பெயர்ந்த வன்னிக் குடும்பங்கள் பலவற்றிடம் பழைய படங்கள் ஒன்றிரண்டே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் இருக்கும் பெண்கள் யார் யார் என்று சொல்லக்கூடிய முதியவர்களும் குறைந்துவருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயர்களை எழுதிவைப்போம்.