ஒரு வண்டிக்குள் அடங்கும் வானொலி

கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் ஏ7 வீதியில், பத்தனைச் சந்தி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரேடியோ இருமத் தொடங்கும். ஒரு வளைவில் பாட்டு நல்லாயிருக்கும். அடுத்த வளைவில் சிங்களச் செய்தி குறுக்கே வரும். டெவன் நீர்வீழ்ச்சி கண்ணில் படும் நேரத்தில் அதுவும் போய், வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

நான் ஏறியிருந்த டொல்பின் வானின் டிரைவர் அண்ணன் செட்டைத் தட்டவுமில்லை, திட்டவுமில்லை. டேஷ்போர்டு பெட்டிக்குள் கையை விட்டு, பெருவிரல் அளவு கறுப்புச் சாமான் ஒன்றை எடுத்தார். சிகரெட் லைட்டர் ஓட்டையில் அதைச் செருகி, அதன் முதுகில் ஒரு பென் டிரைவைக் குத்தினார். சிவப்பு எழுத்தில் 87.9 என்று எரிந்தது. செட்டையும் 87.9க்குத் திருப்பினார். இரைச்சல் சட்டென்று அடங்கி, இளையராஜா வந்து உட்கார்ந்தார்.

"இது நம்ம ஸ்டேஷன் தம்பி. மலை மறைக்காது" என்றார்.

அந்தக் கறுப்புச் சாமான் உண்மையிலேயே ஒரு ஒலிபரப்பு நிலையம். அதன் எல்லை ஒரு வண்டியோடு முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதன் மூதாதையைத் தேடிப் போனால் 1930களின் அமெரிக்க வீட்டு முன்கூடத்தில் போய் நிற்போம். பெரிய மரப்பெட்டி ரேடியோ ஒன்றை வாங்குவதற்கே ஒரு குடும்பம் மாதக்கணக்கில் காசு சேர்த்த காலம் அது. நல்ல ஒலிபெருக்கி அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. இசைத்தட்டுக் கருவிக்கென்று இன்னொரு ஒலிபெருக்கி வாங்க யாரிடம் பணம் இருந்தது? அதனால் இசைத்தட்டுக் கருவிக்குள்ளேயே ஒரு வால்வை வைத்துச் சின்ன ஒலிபரப்பி செய்தார்கள். தட்டு இந்த மூலையில் சுழலும், பாட்டு அந்த மூலையிலிருக்கும் ரேடியோவில் கேட்கும். நடுவில் கம்பி கிடையாது. இப்படி ஆளாளுக்கு வீட்டில் நிலையம் வைத்தால் என்னாவது என்ற கேள்வி எழுந்தது. 1938இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு விதி போட்டது: அலை அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தராத அளவுக்குச் சின்னதாக இருந்தால் உரிமம் வேண்டாம். நம் டிரைவர் அண்ணனின் சாமான் அந்த விதியின் பேரப்பிள்ளை.

ஆனால் அந்தக் காலத்துக் கருவிகள் பாடியது மத்திய அலையில். அதில் மின்னல் வெட்டினாலும் கேட்கும், பக்கத்தில் மோட்டார் ஓடினாலும் கேட்கும். ஓடுகிற வண்டிக்குள் இப்படியொரு குட்டி நிலையம் பிழைக்க வேண்டுமானால் வேறொரு அலை வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தவர் எட்வின் ஹவார்ட் ஆம்ஸ்ட்ரோங். கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். 1933 டிசம்பர் 26இல் அவருடைய பண்பலைக் காப்புரிமைகள் பதிவாயின. பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப அலையின் பலத்தைக் கூட்டிக் குறைப்பது பழைய முறை. ஆம்ஸ்ட்ரோங் பலத்தை அப்படியே விட்டுவிட்டு, அலையின் அதிர்வெண்ணை ஆட்டினார். மின்னலும் மோட்டாரும் அலையின் பலத்தைத்தான் அதிகம் கெடுக்கும். அதனால் அவருடைய அலையில் பாட்டு சுத்தமாக வந்தது.

பண்பலைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரே அலையில் இரண்டு நிலையங்கள் மோதினால், மத்திய அலை ரேடியோ இரண்டையும் கலந்து பாடும். பண்பலை ரேடியோ அப்படிச் செய்யாது. பலமானவனைப் பிடித்துக்கொள்ளும், மற்றவனைக் கைவிடும். கொழும்பிலிருந்து வருகிறதா, கியர் கம்பிக்குப் பக்கத்திலிருந்து வருகிறதா என்ற விசாரணையே அதற்குக் கிடையாது. அந்தக் குட்டிச் சாமான் பிழைப்பது இந்தக் குணத்தால்தான். 2006இல் பிரித்தானியா இதற்கு அனுமதித்த சக்தி 50 நானோவாட். ஒரு வாட்டை நூறு கோடிப் பங்காக வெட்டி, அதில் ஐம்பது பங்கு. மலையுச்சிக் கோபுரங்கள் இறைப்பதோ கிலோவாட் கணக்கில். ஆனாலும் கோபுரம் பல மலைகளுக்கு அப்பால் இருக்கிறது, சாமான் இரண்டு முழத் தூரத்தில் இருக்கிறது. வண்டிக்குள் சாமான்தான் பலசாலி.

பண்பலை வந்த பிறகும் பல காலம் காருக்குள் இந்தக் குட்டி நிலையத்துக்கு வேலையில்லை. பிலிப்ஸ் 1963இல் கொண்டுவந்த கசெட், கார் செட்டுக்குள்ளேயே இடம்பிடித்துவிட்டது. 1984இல் சோனியின் கையடக்கக் குறுந்தட்டுக் கருவி வந்தபோதுதான் சிக்கல். பாட்டு கையில் இருக்கிறது, அதை வண்டிச் செட்டுக்குள் நுழைக்க வாசல் இல்லை. அதற்கு அமெரிக்கப் பொறியியலாளர் லரி ஷொட்ஸ் ஒரு குறுக்குவழி கண்டார்: கசெட் மாதிரியே ஒரு கூடு, உள்ளே நாடாவுக்குப் பதில் ஒரு காந்தத் தலை, வால் மாதிரி ஒரு வயர். செட் அதைக் கசெட் என்று நம்பிப் பாடியது.

2001 அக்டோபரில் ஐபொட் வந்தது. அதே காலத்தில் புது வண்டிகளிலிருந்து கசெட் வாய் மறையத் தொடங்கியது. மிஞ்சியது ரேடியோ மட்டும். 2003இல் கிரிபின் என்ற நிறுவனம் ஐட்ரிப்பை விற்பனைக்கு விட்டது. ஐபொட்டின் தலையில் தொப்பி மாதிரி உட்காரும் வெள்ளைக் குச்சி. அதில் எண்ணும் இல்லை, திருகும் இல்லை. நிலையத்தை மாற்றுவதற்கு ஐபொட்டில் தனியாக ஒரு பாட்டுப் பட்டியல் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு அலைவரிசைக்கும் அதில் ஒரு "பாட்டு". 87.9 என்ற பாட்டைப் போட்டால் வெறும் பீப் சத்தம்தான் வரும். அந்தச் சத்தத்தைக் குச்சி காது கொடுத்துக் கேட்டு, தன் அலையை 87.9க்கு மாற்றிக்கொள்ளும். பிரித்தானியாவில் இதைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமாக இருந்தது. 1949ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் கண்ணில், உரிமமில்லாமல் ஒலிபரப்புகிறவன் எவனும் கள்ளன்தான். 2006 டிசம்பர் 8இல்தான் அங்கே கதவு திறந்தது.

இந்தச் சாமான்களுக்குள் அப்போது வேலை செய்த சில்லு ஜப்பானில் பிறந்தது. கியோட்டோவின் ரோம் நிறுவனம் செய்த பிஎச்1417 என்ற சில்லு அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் இருந்தது. பழைய கருவிகளில் செப்புச் சுருள் சூடேறினால் அலை நழுவும், டிரைவர் ஒரு கையால் செட்டைத் திருகிக்கொண்டே ஓட்ட வேண்டும். இந்தச் சில்லு ஒரு படிகத்தின் துடிப்போடு அலையைக் கட்டிப்போட்டது. 14 இடங்களைக் கொடுத்தது: 87.7 முதல் 88.9 வரை ஏழு, 106.7 முதல் 107.9 வரை ஏழு.

இங்கேதான் நம் ஊர்க் கதை சேருகிறது. இலங்கையில் ஓடும் பாவித்த வண்டிகளில் பெருங்கூட்டம் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கும் இடதுபக்க ஓட்டம், இங்கும் இடதுபக்க ஓட்டம், அதனால் ஸ்டியரிங் சரியான பக்கத்தில் இருக்கும். ரேடியோதான் சரியாக இருக்காது. ஜப்பானில் 90க்கு மேலே 108 வரை பழைய தொலைக்காட்சி அலைகள் இருந்தன. அதனால் அவர்களுடைய பண்பலை 76இல் தொடங்கி 90இல் முடிந்தது. நம் தமிழ் நிலையங்களான சக்தியும் சூரியனும் 1998இல் தொடங்கியவை, இரண்டும் பாடுவது நூறுக்கு மேலே. ஜப்பான் செட்டுக்கு அந்த உலகமே கிடையாது. அதற்காக ஏரியல் வயரின் நடுவில் நெருப்புப்பெட்டி அளவு "பேண்ட் எக்ஸ்பாண்டர்" பூட்டுவார்கள். வருகிற அலையிலிருந்து 16ஐக் கழிக்கும் எக்ஸ்பாண்டர் என்றால், 103இல் வருகிறவர் செட்டில் 87இல் பாடுவார். அது பூட்டாத வண்டியிலோ செட் முழுக்க அனேகமாக வெறும் இரைச்சல். ஆனால் சில்லின் கீழ் ஏழு இடங்களும் 90க்குக் கீழே விழுகின்றன. பெரும்பாலான நிலையங்களைப் பிடிக்க வக்கில்லாத செட், இந்தச் சாமானை மட்டும் அருமையாகப் பிடித்தது.

மலையகத்தில் இது இரண்டு மடங்கு பொருந்தியது. நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகலை, 2,524 மீட்டர், நமக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரமும் இருக்கிறது. ஆனால் பண்பலை அலை ஏறத்தாழ வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். தேயிலைச் சரிவின் மறுபக்கம் அதற்கு நிழல்தான். 1925இல் கொழும்பில் வானொலி தொடங்கியதிலிருந்து, மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் அங்கிருந்து வந்ததை, வந்த நேரத்தில், வந்த அளவுக்குத்தான் கேட்டார்கள். தோட்டத்து லயத்தில் ரேடியோ ஏரியலைக் கூரைத் தகரத்தோடு கட்டிய கை எத்தனையோ.

இப்போது புளூடூத் வந்துவிட்டது. புது வண்டிகளுக்கு இந்தக் குறுக்குவழி தேவையில்லை. பழைய வண்டிகளில் சாமானுக்கே புளூடூத் வைத்துவிட்டார்கள். போன் சாமானோடு பேசும், சாமான் பண்பலையில் செட்டோடு பேசும். 1930களின் அந்த மரப்பெட்டிக் கணக்கு இன்னும் மாறவில்லை. நல்ல ஸ்பீக்கர் பழைய பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டியைக் கழற்ற மனசுமில்லை, காசுமில்லை.

சென்கிளேயர் பக்கம் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். பக்கத்தில் இன்னொரு வான், கல்யாண வீட்டுக் கூட்டம். கண்ணாடியெல்லாம் திறந்திருந்தது. இளையராஜாவின் நடுவே திடீரென்று ஒரு குத்துப்பாட்டு நுழைந்தது, போனது, மறுபடி வந்தது. அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நீங்களும் எம்பத்தேழு ஒம்பதா?"

"ஆமாண்ணே! ஒங்க பாட்டு இங்க பாடுது. நாங்க யாரு ஸ்டேஷனை மாத்துனதுன்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்."

அண்ணன் சிரித்துக்கொண்டே சாமானில் ஒரு தட்டு தட்டினார். 88.1. "கல்யாண வீட்டுக்குப் போறாங்க" என்றார் என்னிடம், "அவங்களே வச்சுக்கட்டும்."