பஸ் ஓட்டியவர்களும் சாலை போட்டவர்களும்

பொங்கல் விழா ஒன்றில் பெரியவர் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "உங்க பையன் என்ன வேலை பண்றான்?" என்று விசாரித்தார். "பஸ் டிரைவர் எழுதறான் சார்" என்று பதில் வந்தது. பெரியவர் ஒரு நிமிடம் திகைத்து, "பி.எம்.டி.சி.யிலயா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் பெங்களூரில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் செய்கிற வேலை அதுதான். அதற்கென்று ஒரு வரலாறும் உண்டு.

லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்' என்று பொருள். நம்மூர் ஆம்னி பஸ்ஸும், கணினிக்குள் இருக்கும் பஸ்ஸும் அந்த ஒரே சொல்லில் பிறந்தவைதான். மூளையான செயலியையும் மற்ற உறுப்புகளையும் இணைக்கும் பொதுக் கம்பித் தடமே கணினியின் பஸ். 1970-ல் வெளிவந்த பி.டி.பி.-11 கணினியில் இந்தத் தடத்துக்கு 'யூனிபஸ்' என்றே பெயர். தடத்தில் மாட்டியுள்ள ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கும் நிரல்தான் டிரைவர். அது இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் குடியிருக்கும்.

1991-ல் பிறந்த லினக்ஸ் கெர்னலில் தொடக்கத்தில் இதற்கு ஒரு பொது ஒழுங்கு இல்லை. பி.சி.ஐ. பஸ்ஸுக்கு ஒரு முறை, யு.எஸ்.பி.க்கு வேறு முறை. மடிக்கணினி பரவியபோது வினை வந்தது. மின்சாரம் மிச்சப்படுத்தக் கணினியைத் தூங்க வைக்க வேண்டுமென்றால், முதலில் சாதனங்கள் தூங்க வேண்டும்; அவற்றைத் தாங்கும் பஸ் அதன் பிறகே தூங்க வேண்டும். பிள்ளைகள் தூங்காமல் தாய் கண்ணயர முடியுமா? யார் பிள்ளை, யார் தாய் என்று தெரிய ஒரு குடும்ப மரம் தேவைப்பட்டது. பேட்ரிக் மோச்செல் என்பவர் அதை வடிவமைத்தார். 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் அது நிலைபெற்றது.

அந்த வடிவமைப்பில் பஸ்தான் கல்யாணத் தரகர். தரகர் கையில் இரண்டு பட்டியல்கள்: சாதனங்கள் ஒன்றில், டிரைவர்கள் மற்றொன்றில். புதிதாக யார் வந்தாலும் பொருத்தம் பார்ப்பார். பொருந்தினால் டிரைவரை அழைத்து, "நேரில் பார்த்துச் சொல்லுங்க" என்பார். டிரைவர் சரியென்றால் முடிச்சு விழும். "எனக்கு மின்சாரம் கொடுக்கிறவர் இன்னும் வரலை, அப்புறம் பார்க்கலாம்" என்று டிரைவர் தவணை கேட்கும் வசதியும் 2012-ல் வந்தது. தரகருக்குச் சாதனத்தின் உள்விவரம் தெரிய வேண்டியதில்லை. டிரைவருக்கு ஊரார் கதை தெரிய வேண்டியதில்லை. வடிவமைப்பின் உயிர் இந்தப் பிரிவினையில் இருக்கிறது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் காலூன்றியது. 2001-ல் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணினியை அறிமுகம் செய்தார்கள். எதிர்பார்த்த அளவு அது விற்கவில்லை. ஆனால் அதில் ஓடியது லினக்ஸ். ஏ.ஆர்.எம். வகைச் சில்லின் மேல் லினக்ஸை ஓட்டுவது எப்படி என்று இந்த ஊர் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்ட காலம் அது.

அத்தகைய சில்லுகளில் ஒரு தொல்லை உண்டு. யு.எஸ்.பி. சாதனம் மாட்டியவுடன் தன் பெயரைத் தானே சொல்லும். 1982-ல் பிலிப்ஸ் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி போன்ற பஸ்ஸிலோ கதவு எண் உண்டு, வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. ஆகவே ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி நிரல் எழுதிக் குவித்தார்கள். 2011 மார்ச்சில் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குப்பையைக் கண்டு பகிரங்கமாகச் சீறினார். அதன்பின் பலகையின் விவரங்கள் 'டிவைஸ் ட்ரீ' என்ற தனிப் பட்டியலுக்கு மாறின.

இந்தச் சீரமைப்புக் காலத்தில்தான் பெங்களூர் தன் பங்கைப் பதித்தது. பஸ்ஸின் முனையில் சமிக்ஞையை மின்னலையாக்கிக் கம்பியில் ஏற்றும் பகுதிக்கு 'பை' என்று பெயர். ஒரே வகைப் பை யு.எஸ்.பி.க்கும் வட்டுக்கும் பி.சி.ஐ.க்கும் பயன்படும், ஆனால் அதற்குப் பொதுச் சட்டகம் இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பெங்களூர்ப் பொறியாளர் கிஷோன் விஜய் ஆபிரகாம் அதை உருவாக்கினார். 2014 ஜனவரியில் வந்த 3.13 பதிப்பில் அது சேர்ந்தது. ஒலிச் சில்லுகளுக்கான சவுண்ட்வயர் பஸ்ஸை வினோத் கவுல் முன்னின்று 2018-ல் 4.16-ல் சேர்த்தார். அந்தப் பஸ்ஸில் ஒவ்வொரு சாதனமும் 48 பிட் அடையாளத்தைத் தானே சொல்லும். பஸ் அதற்குக் கதவு எண் கொடுக்கும். மோடம் சில்லுகளுக்கான எம்.எச்.ஐ. பஸ்ஸை 2020-ல் 5.7 பதிப்பில் கொண்டு சேர்த்தவர் பெயர் மணிவண்ணன் சதாசிவம்.

"வெளிநாட்டுக்காரனுக்கு வேலை செஞ்சு கொடுக்கிறோம், அவ்வளவுதான்" என்று நம்மவர்களே அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். டிரைவர் மட்டும் எழுதிய காலத்துக்கு அது ஓரளவு பொருந்தும்: பிறர் போட்ட சாலையில் பஸ் ஓட்டினோம். மேற்சொன்னவர்களோ சாலையே போட்டவர்கள். இன்று உலகின் வேறு கோடியில் டிரைவர் எழுதுபவரும் அவர்கள் வகுத்த விதிப்படிதான் எழுத வேண்டும்.

நம் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கொடுத்தவர் பெயரைக் கல் காத்து நிற்கிறது. லினக்ஸிலும் 2004 முதல் ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் எழுதியவர் தம் பெயரிட்டு உறுதி கூறுவது வழக்கம். அந்தப் பதிவை யாரும் இலவசமாகத் திறந்து படிக்கலாம். உங்கள் பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். இருந்தால், அடுத்த பொங்கலுக்கு "பஸ் டிரைவர் எழுதறான்" என்று சத்தமாகவே சொல்லலாம்.