கோமா

லென்ஸ் குறைகளில் ஒன்றுக்குக் ‘கோமா’ என்று பெயர். மருத்துவமனைக் கோமாவுக்கும் இதற்கும் உறவில்லை. அது ஆழ்ந்த உறக்கத்தைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல். இது, தலைமுடியைக் குறிக்கும் ‘கோமே’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. வால்நட்சத்திரத்தைக் குறிக்கும் ‘காமெட்’டும் இதே வேரில் முளைத்ததுதான்.

பெயர்ப் பொருத்தம் படத்தில் தெரியும். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து இரவு வானத்தை எடுத்தால், நடுவிலுள்ள விண்மீன் புள்ளியாக விழும். ஓரத்திலுள்ளதற்கு வால் முளைத்துவிடும். சாய்வாக நுழையும் கதிர்கள் ஒரே புள்ளியில் கூடாததே காரணம். 1977இல் நிக்கான் வெளியிட்ட 58 மி.மீ. நாக்ட்-நிக்கோர் லென்ஸ், இந்த வாலை அடக்கவே கோளமல்லாத முன்கண்ணாடியோடு வந்தது.

நான்கு மூலையிலும் வால் சமமாக இருந்தால் அது வடிவமைப்பின் குணம். ஒரு மூலையில் மட்டும் நீண்டால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்க வாய்ப்பு அதிகம்.